ஒட்டவைத்த ஐந்து காம்புகள்

எங்கள் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள அறைகள் இரண்டு. ஒன்று குளியலறை. அதில் அதிக நேரம் இருந்தால் வயிற்றுக்கு என்ன என்று கேட்பார்கள். இன்னொன்று சமையலறைக்குப் பின்னால் இருக்கிற சரக்கறை. சாவி நம் கையில் இருந்தால், அதில் எவ்வளவு நேரம் இருந்தாலும் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

இந்த வருடம் சாவி என்னிடம் இருந்தது. தோட்டத்தில் விளைந்ததைப் பறித்து, அடுக்கி, குளிர்காலம் முடியும்வரை காப்பாற்றுவது என் பொறுப்பு என்று அப்பா சொல்லியிருந்தார். "ஒரு பூசணி அழுகினாலும் சாவி அம்மாகிட்ட போயிடும்" என்றும் சொல்லியிருந்தார். அப்பா தச்சர். ஒரு தடவை அளந்தபின் மாற்ற மாட்டார்.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் "இவ இப்ப என்ன பண்றா?" என்று அம்மாவைக் கேட்பார்கள். நான் எதிரில் நின்றாலும் அம்மாவைத்தான் கேட்பார்கள். இப்போது அம்மா, "சரக்கறையைப் பாத்துக்கறா" என்கிறாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் அங்கே போய்த் தாழ்ப்பாள் போட்டிருப்பேன்.

பூசணி மொத்தம் முப்பத்திரண்டு. இலையெல்லாம் காய்ந்து சுருண்டதும் பறிக்கச் சொன்னார் அப்பா.

"நாலு விரல் காம்பு விட்டு வெட்டு. காம்பைப் பிடிச்சுத் தூக்காதே, அது என்ன வாளியா? குழந்தையைத் தூக்கற மாதிரி அடியில கை குடு. காம்பு உடைஞ்சா அந்தக் குழி வழியா அழுகல் உள்ள இறங்கிடும்."

இருபத்தேழைக் குழந்தையைப் போலத்தான் தூக்கினேன். அப்போது பக்கத்து வீட்டு டீச்சர் வேலியோரம் வந்து நின்று கண்ணாடியைத் துடைத்தார். ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர். அவர் கண்ணாடியைத் துடைத்தால் அடுத்தது கேள்வி என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். கைக்கு ஒன்றாகக் காம்பைப் பிடித்து, மிச்சம் ஐந்தையும் மூன்று நடையில் உள்ளே ஓட்டமாகக் கொண்டுபோனேன். முதல் "டக்" சத்தம் கேட்டபோதே என்ன என்று தெரிந்தது. நின்று பார்த்தால் டீச்சர் கேட்டுவிடுவார். ஐந்து "டக்" ஆனது.

கடைசியில் டீச்சர் கேட்டது, "மழை வருமா?" என்று. வானத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

அப்பாவின் பட்டறையிலிருந்து மரப்பசை எடுத்துவந்து ஐந்து காம்பையும் ஒட்டினேன். ஐந்தையும் கீழ்த்தட்டில் சுவர் ஓரமாக வைத்தேன்.

அவற்றை முதலில் சமைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் சீக்கிரம் கெடுகிறது முதலில், நாள்படத் தாங்குகிறது கடைசியில் என்பது அம்மாவின் முறை. பூசணிக்கு முறை வர இன்னும் மூன்று வாரம்.

"அம்மா, இன்னைக்குப் பூசணி பண்ணலாமா?"

நானாக எதையும் கேட்டதில்லை. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "தக்காளி மலை மாதிரி கிடக்கு. அதைத் தின்னு முடி முதல்ல."

தக்காளியைத் தின்றேன். காலையிலும் தின்றேன்.

ஒன்பதாம் நாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பஸ் கண்டக்டர். நான் பேசாததால் என்னை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்.

"என்னடி வாயாடி, உன் பேச்சு தெருமுனை வரைக்கும் கேக்குது. மாமாவுக்கு ஒரு பூசணி குடு."

நல்லதாக ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இதுவா? பிச்சை போடறியா? அதோ சுவர்கிட்ட ஒளிச்சு வெச்சிருக்கே பார், அது." குனிந்து காம்பைப் பிடித்துத் தூக்கினார். காம்பு வந்தது. பூசணி வரவில்லை.

"மச்சான்! நான் ஒண்ணும் பண்ணல, அதுவா வந்துடுச்சு!"

அப்பா வந்தார். காம்பைத் திருப்பி, நகத்தால் சுரண்டி, முகர்ந்தார்.

"இது என் பசை" என்றார்.

"பூசணிக்கு எதுக்கு மச்சான் பசை?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தக்காளியைப் பார்த்தேன்.

"எத்தனை?" என்றார் அப்பா. ஐந்து விரலைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு காம்பாக இழுத்தார். இன்னும் மூன்று கையோடு வந்தன. கடைசிக் காம்பை இழுத்தபோது பூசணியும் சேர்ந்து எழுந்தது. இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் என்ன பண்ணே?"

"பசை காயற வரைக்கும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன்."

"மத்ததுக்கு?"

"கயிறு ஒண்ணுதான் இருந்துச்சு."

"ஒட்டின மரத்தைக் கவ்விப் பிடிக்கற இறுக்கி பட்டறையில எட்டு தொங்குது. பசை எடுத்தவளுக்கு அது கண்ணுல படலையா?" அன்று முழுவதும் அவர் கோபப்பட்டது அந்த ஒரு விஷயத்துக்குத்தான். பிறகு நான்கையும் கட்டைவிரலால் அமுக்கினார். ஒன்றில் விரல் லேசாகப் பதிந்தது.

"சாவி" என்றார்.

இடுப்பிலிருந்து எடுத்தேன்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. "இருக்கற வேலை போதாதா? அது அழுகல, இளகியிருக்கு. ராத்திரிக்குள்ள சமைச்சுட்டா அது வெறும் பூசணி."

அப்பா யோசித்தார். "நாலையும் சமைங்க. இந்த அஞ்சாவது இங்கயே இருக்கட்டும். அது அழுகினா சாவி போயிடும்."

மாமா தோல் சீவினார். டிக்கெட் கிழிக்கிற கைக்கு இது என்ன தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டே சீவினார். பாதியை வெங்காயத்தோடு வதக்கினோம், பாதியை வேகவைத்து மசித்தோம். பெரிய பானை நிறைந்தது, சின்னப் பானை நிறைந்தது, இன்னும் மீதி இருந்தது.

"டீச்சருக்கு ஒரு பாத்திரம் குடுத்துட்டு வா" என்றாள் அம்மா. "நீயே போ. உன் பூசணிதானே."

டீச்சர் பாத்திரத்தை வாங்கி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்ப என்னம்மா பண்றே?"

என்னைத்தான் கேட்டார். பக்கத்தில் அம்மா இல்லை.

"சரக்கறையைப் பாத்துக்கறேன் டீச்சர். முப்பத்திரண்டு பூசணி. அஞ்சுக்குக் காம்பு உடைஞ்சது. ஒண்ணை ஒட்டிட்டேன்."

"ஒட்டினது நிக்குமா?"

"தெரியல டீச்சர். போய்ப் பாக்கணும்."

அவர் மறுபடியும் கண்ணாடியைத் துடைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஐந்தாவதைக் கட்டைவிரலால் அமுக்கினேன். கெட்டியாக இருந்தது. காம்பைச் சுற்றி அந்த ஒரு கயிற்றை மறுபடியும் கட்டினேன்.