யாருமில்லாத பாதைக்குப் பச்சை

“அதோ, வந்துட்டான் பார்,” என்றாள் ஆர்டிஸ்.

“யாரு?” ஓர்லின் கண்ணைத் திறக்கவில்லை.

“பச்சைக் கார்க்காரன்தான். திங்கள், புதன், வெள்ளி, மூணு நாளும் தவறறதே இல்ல. நாம இங்க காலை ஊன்றி நிக்கறோம், அவன் பாட்டுக்கு இடப்பக்கமாப் போயிட்டே இருக்கான்.”

தொண்ணூறாம் தெருவிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் சரிவு அது. அதில் இரண்டு பாதைகள் உண்டு. மேலே ஒவ்வொரு பாதைக்கும் ஒரு சிக்னல் கம்பம். வலது, இடது என்று மாறி மாறிப் பச்சை விழும். ஒரு பச்சைக்கு ஒரு கார். வலப்பக்கம் இருபத்திரண்டு கார்கள் நின்றன. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இடப்பக்க விளக்கு தன் முறை வந்ததும் வெறும் தாருக்குப் பச்சை காட்டிவிட்டு மறுபடி சிவந்தது.

பச்சைக் கார் அந்தக் காலிப் பாதையில் இறங்கி, கோட்டருகே ஒரு நொடி நின்று, போயே போய்விட்டது.

“பார்த்தியா? அவனுக்குன்னே ஒரு விளக்கு. மேல யாரையோ தெரிஞ்சு வச்சிருக்கான்.”

“ஒரு ஓட்டைக் காரு வச்சிருக்கிறவனுக்கு மேல யாரைத் தெரியப் போகுது, ஆர்டிஸ்?”

“அதான் சந்தேகமே. பெரிய காரா இருந்தா நாம கவனிப்போம்னு சின்னதா வாங்கியிருக்கான்.”

ஓர்லின் சிரித்தார். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். காலை எட்டரைக்கு அவருக்கென்று ஒரு நாற்காலி. நாலு மணி நேரம் அதில் உட்கார வேண்டும். ஆர்டிஸ்தான் ஓட்டிக்கொண்டு போவாள். அவள் கண்ணில் புரை. எதிர் விளக்கெல்லாம் பூவாக விரிகிறது, இருட்டில் வண்டியைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த அக்டோபரில் வெளிச்சம் நன்றாக வரவே ஏழே முக்கால் ஆகிறது. அதற்கு முன்னால் கிளம்ப வழியில்லை.

டாஷ்போர்டின் மேல் அவள் சமையல்கட்டு டைமர், கேக் வேகும் நேரம் பார்ப்பதற்காக வாங்கியது, ஓடிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் அவர்கள் முறை வந்தபோது பதினேழு நிமிடம்.

அன்று அவர்கள் போய்ச் சேர்ந்தது எட்டு முப்பத்து நாலுக்கு. தலைமை நர்ஸ் ஜேனெல் வருகை நேரம் எழுதும் அட்டையோடு வந்தாள். குரல் மெதுவாகத்தான் இருந்தது. அந்த ஊரில் கெட்ட செய்தியை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

“ஆர்டிஸ், இது இந்த மாசத்துல ரெண்டாவது தடவை.”

“தெரியும்மா. அந்த சிக்னல்...”

“எனக்குப் புரியுது. ஆனா இவர் லேட்டானா அடுத்தவங்க லேட். காலை நாற்காலிக்கு ஆறு பேர் காத்திருக்காங்க. இன்னும் ஒரு தடவை ஆச்சுன்னா இவரை சாயந்தர ஷிப்டுக்கு மாத்தித்தான் ஆகணும்.”

“சாயந்தரம் எத்தனை மணிக்கு முடியும்?”

“ஒன்பது.”

ஆர்டிஸ் மனதில் கணக்குப் போட்டாள். ஒன்பது மணி என்றால் இருட்டு. இருட்டென்றால் அவளால் ஓட்ட முடியாது. அப்புறம் வீட்டை விற்றுவிட்டு சூ ஃபால்ஸில் மகன் வீட்டு நிலவறை அறைக்குப் போவதுதான். மகன் அந்த அறைக்குப் பெயின்ட்கூட அடித்துவிட்டான். அவன் ஏன் இவ்வளவு அவசரமாக அடித்தான் என்பதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அடுத்த வாரமே சிக்னல்கள் அணைந்தன.

நகரம் முழுக்க, நானூற்றுச் சொச்சம் ஏறுபாதைகளிலும். இந்த விளக்குகளால் நெரிசல் குறைகிறதா, இல்லை சும்மா ஜனங்களை நிறுத்தி வைக்கிறார்களா என்று பார்த்துவிடுவோம் என்று சட்டசபை ஆறு வாரத்துக்குக் குறையாமல் அணைக்கச் சொல்லிவிட்டது.

“நான் என்ன சொன்னேன்!” என்றாள் ஆர்டிஸ். “தூரத்து ஊர்ல பெரிய வீடு கட்டிக்கிட்டவன் சர்ருனு போகணும், அதுக்குப் பக்கத்துல இருக்கிற நாம நிக்கணும். அதுக்காக வச்ச விளக்கு. இப்ப வெளிய வந்துடும் பார்.”

முதல் நாள் சரிவில் நிற்கவே இல்லை. அங்கிருந்து பத்தொன்பது நிமிடத்தில் ஆஸ்பத்திரி. ஆர்டிஸ் எப்போதும் நேரம் குறிக்கும் சமையலறைக் காலண்டரில் பத்தொன்பது என்று எழுதி வட்டம் போட்டாள்.

புதன்கிழமை நாற்பத்தொன்று.

“விபத்து ஏதாவதா?” என்றார் ஓர்லின்.

“ஒண்ணுமில்ல. சும்மா நின்னுச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள பாஞ்சா?”

“அதைத்தானே அவங்க சொல்றாங்க, ஒவ்வொருத்தரா விட்டா நெடுஞ்சாலை ஓடும்னு.”

“நீ யாரு கட்சி?”

வெள்ளி இருபத்திரண்டு. திங்கள் முப்பத்தாறு. பிறகு இருபத்தொன்று, நாற்பத்து நாலு, இருபத்தைந்து. எந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்லவே முடியவில்லை.

“வேணும்னே பண்றாங்க,” என்றாள் ஆர்டிஸ் ஒரு நாள், நெடுஞ்சாலையின் நடுவே அசையாமல் நின்றுகொண்டு. “சிக்னல் ஆபீஸ்காரங்களே ஆளுக்கொரு காரை எடுத்துக்கிட்டு வந்து மெதுவா ஓட்டறாங்க. சிக்னல் இல்லேன்னா என்ன ஆகுது பாருன்னு நமக்குக் காட்டணும்ல?”

“அவ்வளவு பேர் அந்த ஆபீஸ்ல இருக்காங்களா?”

“பெண்டாட்டி புள்ளைங்களையும் கூட்டிட்டு வந்திருப்பாங்க.”

டைமர் மேலேயும் சந்தேகம் வந்தது. புதிதாக இன்னொன்று வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே நேரம்தான் காட்டின.

“அப்போ ரெண்டும் அவங்க ஆளா?” என்றார் ஓர்லின்.

ஜேனெல் அந்த வாரங்களில் நேரம் எழுதவில்லை. “நர்ஸுங்களே லேட்டா வர்றாங்க. இதெல்லாம் முடியட்டும், அப்புறம் கணக்கு வச்சுக்கறேன்,” என்றுவிட்டாள். ஹோதன் என்று ஒரு சோமாலியப் பெண், ஓர்லினுக்கு ஊசி போடுகிறவள், அவள் மட்டும் ஒருமுறை தலையாட்டினாள். “சிக்னல் இருந்தப்பதான் நல்லா இருந்துச்சும்மா. எனக்கு எப்பவும் இருபதே நிமிஷம். இப்ப ஒரே திண்டாட்டம்.” ஆர்டிஸுக்கு அதுவும் உறுத்தியது. இவள் ஏன் சிக்னலுக்குப் பரிந்து பேசுகிறாள்?

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலண்டரைக் கழற்றி மேசைமேல் விரித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

“என்ன?” என்றார் ஓர்லின்.

“சிக்னல் இருந்தப்போ, சரிவு ஏறிட்டோம்னா நெடுஞ்சாலையில பதினாறு, பதினேழு. எப்பவும் அதேதான். இப்ப கண்டபடி.”

“அப்படின்னா விளக்கு வேலை செய்யுது.”

“அப்படி நான் சொல்லலை.”

“காலண்டர் சொல்லுது.”

“காலண்டரைக் குடுத்தது சர்ச்சு. நம்ம தெரு லோவெல் அச்சடிச்சது. அவன் எப்பவுமே அரசாங்கத்துப் பக்கம்.” சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. “நெடுஞ்சாலை நல்லா ஓடுது, சரி. ஆனா சரிவுல பதினேழு நிமிஷம் ஏன், ஓர்லின்? அதை யாரு திங்கறா?”

டிசம்பரில் விளக்குகள் திரும்பி வந்தன. ஜேனெலின் அட்டையும் திரும்பி வந்தது. முதல் திங்கள் சரிவில் பதினாறு நிமிடம். எட்டு இருபத்தெட்டுக்கு மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார்கள். பச்சைக் காரும் வந்தது, இடப்பக்கமாக, எப்போதும்போல.

ஓர்லினை உள்ளே விட்டுவிட்டு, மறந்துபோன கம்பளியை எடுக்கக் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பிய ஆர்டிஸ் அப்படியே நின்றுவிட்டாள். ஊழியர் வரிசையில், பனி மூடிய சுவர் ஓரம், அந்தப் பச்சைக் கார். எண்ணைப் படித்தாள். இரண்டு மாதமாக மனதில் வைத்திருந்த எண்.

உள்ளே வந்து வரவேற்பு மேசையில் கேட்டாள். “அந்தப் பச்சைக் கார் யாரோடது? விளக்கு எரியற மாதிரி இருந்துச்சு.” விளக்கு எரியவில்லை. ஆனால் வேறெப்படிக் கேட்பது?

“ஹோதனோடது,” என்றார்கள்.

ஹோதன் அப்போது ஓர்லினின் கையில் இரண்டாவது ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸ் கம்பளியை மடிமேல் போட்டாள். ஊசி ஏறி முடிகிற வரை பொறுத்தாள். அந்த அளவுக்கு அவளுக்கு நிதானம் உண்டு.

“ஹோதன், நீ தொண்ணூறாம் தெருவுலதான் ஏறுறியா?”

“ஆமாம்மா. அந்தப் பக்கம்தான் வீடு.”

“இடப்பக்கமா.”

“ஆமா.”

“அந்தப் பாதைக்கு உனக்கு யாரு அனுமதி குடுத்தது?”

ஹோதன் கையுறையைக் கழற்றியபடி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “அனுமதியா? நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்மா. அந்தப் பாதையில என்ன கோளாறு?”

“கோளாறா?”

“வந்த புதுசுல நானும் வலப்பக்கம்தான் நின்னேன். இவ்வளவு பேர் இந்தப் பக்கம் நிக்கறாங்கன்னா அந்தப் பக்கம் ஏதோ இருக்கணும், நமக்குத்தான் தெரியலன்னு பயம். பள்ளமா, போலீஸா, அபராதமா. கடைசியில ஒரு போலீஸ்காரரை நிறுத்திக் கேட்டேன். ‘ரெண்டு பாதை, ரெண்டு விளக்கு. எதுல வேணா போ’ன்னார். அவரையும் நான் முழுசா நம்பலை. ஒரு வாரம் பயந்து பயந்துதான் போனேன்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க எல்லாரும் ஏன்மா ஒரு பக்கமே நிக்கறீங்க?”

ஆர்டிஸ் கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டாள். “வரிசைன்னா... கடைசியிலதானே போய் நிக்கணும்.”

“ரெண்டு வரிசைம்மா.”

“நிக்கறவங்களைத் தாண்டிப் போனா நல்லாவா இருக்கும்?”

“அவங்களைத் தாண்டலையே. அவங்களுக்கு விழுற பச்சை அவங்களுக்கு. எனக்கு விழுறது எனக்கு. நான் போகலேன்னா அது வீணாப் போகுது.”

ஓர்லின் நாற்காலியிலிருந்து சொன்னார். “முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினவன் நான். எனக்குத் தோணலை பார்.”

“நீ பேசாத,” என்றாள் ஆர்டிஸ்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன்பே பனி. வாசல் பனியைத் தள்ளிவிட்டுக் காரை வெளியே எடுக்கும்போதே ஏழு ஐம்பத்தெட்டு. சரிவின் அடியில் வந்து நின்றார்கள். வலப்பக்கம் வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்திருந்தது. டைமரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

“இன்னைக்கு முப்பது நிமிஷம் ஆகும்,” என்றார் ஓர்லின். பிறகு, “சூ ஃபால்ஸ்ல அந்த அறைக்கு ஜன்னல் இருக்கா?”

“உச்சியில. காலுங்க மட்டும் தெரியும்.”

“ம்.”

ஆர்டிஸ் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். “பொறி வச்சிருந்தா?”

“எதுக்கு?”

“தெரியாது. இவ்வளவு சுலபமா இருந்தா ஏதோ இருக்கும்.”

“ஆர்டிஸ், போ.”

இடப்பக்கம் திருப்பினாள். மிதிக்காத பனி டயரின் கீழ் நொறுங்கியது. வலப்பக்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாக நழுவின. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். ஓர்லின் தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டார். பாதி வழியில் ஒரு பழுப்பு நிற பிக்கப். அதில் லோவெல், சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன், இரண்டு வீடு தள்ளி இருக்கிறவன், வாயருகே காபிக் குவளையோடு.

“பார்த்துட்டானா?” என்றார் தொப்பிக்குள்ளிருந்து.

“பார்க்கறான்.”

“என்ன பண்றான்?”

“ஒண்ணும் பண்ணலை. அதான் மோசம்.”

ஆர்டிஸ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள், வழக்கமான வணக்கம். லோவெல் உயர்த்தவில்லை. கோட்டருகே வந்தாள். சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. பச்சை.

எட்டு இருபத்தாறுக்கு ஓர்லின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜேனெல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், ஒன்றும் எழுதாமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து காபி நேரத்தில் லோவெல் பக்கத்தில் வந்து நின்றான்.

“வெள்ளிக்கிழமை உன் காரைப் பார்த்த மாதிரி இருந்துச்சு.”

“இருக்கும்,” என்றாள் ஆர்டிஸ்.

“இடப்பக்கம்.”

“இருக்கும்.”

லோவெல் எலுமிச்சைக் கேக் துண்டை ஒரு கடி கடித்து மெதுவாக மென்றான். “ம். வித்தியாசமா இருந்துச்சு.”

அவர்களுக்குள் ஒருவரைத் திட்ட அதைவிடக் கடுமையான சொல் கிடையாது. ஆர்டிஸுக்குக் காது சுட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு மேல்கோட்டை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது லோவெல் ஓர்லினோடு தலையைச் சேர்த்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் இருவரும் பனியைப் பற்றிப் பேசினார்கள்.

திங்கள் காலை சரிவின் அடியில் வந்தவள் பிரேக்கை மிதித்தாள்.

இடப்பக்கம் ஒன்பது கார்கள். வலப்பக்கம் பதினொன்று. இடப்பக்கத்தில் முதலாவதாக நின்றது ஒரு பழுப்பு பிக்கப். விளக்குகள் மாறி மாறி விழ, இரண்டு பக்கமும் ஒழுங்காக நகர்ந்தன. எட்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“இது எப்படி?” என்றாள். “ஒரே நாள்ல? விளக்கை ஏதோ மாத்தியிருக்காங்க.”

“இருக்கும், இருக்கும்,” என்றார் ஓர்லின்.

எட்டு இருபதுக்கே நாற்காலி. ஜேனெல் சிரித்துவிட்டு, “காலை ஷிப்டுலயே இருங்க,” என்று அட்டையைக் கோப்புக்குள் சொருகினாள். ஊசி போட மட்டும் யாரும் வரவில்லை. எட்டு முப்பத்தைந்துக்கு ஹோதன் தலைத்துணியில் பனியோடு ஓடி வந்தாள்.

“நான் லேட்டே ஆனதில்லம்மா. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான். என் பாதையில ஒன்பது கார்!” கையைக் கழுவிக்கொண்டே ஆர்டிஸை ஒரு பார்வை பார்த்தாள். “நான் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன். நீங்க யாருகிட்ட சொன்னீங்க?”

“சத்தியமா யாருகிட்டயும் சொல்லலை.”

ஹோதன் நம்பியதாகத் தெரியவில்லை. ஆர்டிஸ் மெல்லத் திரும்பி நாற்காலியைப் பார்த்தாள். ஓர்லின் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, ஊசி போடுவதற்கு முன்பே தூங்கிவிட்டிருந்தார்.