தொட்டிக்கு இரண்டு பகல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு தவறு செய்துவிட்டேன். கடையில் இருக்கும் மீன்தொட்டியின் பாசியைப் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன். பாசி போனது, கூடவே நாலைந்து கீறலும் விழுந்தது. பிள்ளைகள் மூக்கை ஒட்டிவைத்துப் பார்ப்பார்களே, சரியாக அந்த உயரத்தில். சித்தப்பா பார்த்தார். கீறலை விரலால் தடவிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பகலில் சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் வயரிங் வகுப்பு என்று என் நாள் ஓடுகிறது. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து சித்தி என்னை எலக்ட்ரீசியன் என்றுதான் கூப்பிடுகிறாள். இன்னும் ஒரு பிளக் கூட நான் தனியாக மாட்டியதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

தொட்டியை சித்தப்பா சிகரெட்டை விட்ட வாரத்தில் வாங்கினார். வாய்க்குச் சிகரெட் இல்லையென்றால் கைக்கு ஏதாவது வேண்டும் என்றார். மணல் போட்டு, செடி நட்டு, சின்ன மீனும் இறாலும் விட்டார். சிகரெட் ஞாபகம் வந்தால் எழுந்துபோய்த் தண்ணீருக்குள் கை விடுவார். ஒரு இலையை நறுக்குவார், ஒரு சிட்டிகை தீனி போடுவார். அவர் புகைத்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

இரண்டு மாதமாகப் பாசி. கண்ணாடியில் பச்சைப் படலம், செடிகளில் தலைமுடி மாதிரி நூல்பாசி. தண்ணீரே மங்கிவிட்டது. சித்திக்குப் பொறுமை போய்விட்டது. "கண்ணு சரியா தெரியணும்னுதான் நம்ம கடைக்கு வர்றாங்க. இங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறதே தெரியல" என்றாள். தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃபிரேம் அடுக்கும் அலமாரி வைக்கப் போகிறாளாம். சனிக்கிழமை அளவெடுக்கத் தச்சர் வருகிறார்.

தொட்டி போனால் சித்தப்பாவின் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கம்பி நாரை எடுத்தேன். அவசரப்பட்டால் நான் இப்படித்தான்.

மார்ச் 5, புதன்

காலை பத்து மணி தாண்டியும் தொட்டி இருட்டாகவே இருந்தது. வழக்கம்போல, தொட்டி விளக்கை மாட்டியிருக்கும் டைமரின் பக்கவாட்டு விசையை மேலே தள்ளி விளக்கை எரியவிட்டேன். விசை மேலே இருந்தால் டைமர் என்ன சொன்னாலும் விளக்கு எரியும். கீழே இருந்தால் டைமர் சொன்னபடிதான். காலை பத்துக்கு எரிய வேண்டும், மாலை ஆறுக்கு அணைய வேண்டும் என்று அதன் வட்டத் தகட்டில் வைத்திருக்கிறோம். கொஞ்ச நாளாக அது பத்துக்கு எரிவதில்லை. சோம்பேறி டைமர் என்று நினைத்துக்கொண்டு நானே தள்ளிவிடுவேன். நான் வகுப்புக்குப் போன பிறகு, ஏழு மணிக்குக் கடையை அடைக்கும்போது சித்தப்பா விசையைக் கீழே தள்ளிவிட்டுப் போவார்.

இன்று பாதித் தண்ணீரை மாற்றினேன். தீனி மிஞ்சினாலும் பாசி வரும் என்பதால் மீனுக்குத் தீனி போடவில்லை. சித்தப்பா பாசி மருந்து ஒன்று வாங்கிவந்து மூடியைத் திறந்துவிட்டார். சீட்டில் எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. லென்ஸ் வைத்துப் படித்தோம். இறாலுக்கு ஆகாது என்றிருந்தது. மூடியைத் திருகி வைத்துவிட்டுத் தெருவுக்குப் போனார். திரும்பி வந்து கல்லாவுக்குக் கீழே உள்ள திருகாணி டிராயரைத் திறந்து மூடினார். பிறகு நான் அங்கே திருகாணி எடுக்கப் போனேன். ஒரு சிகரெட் கிடந்தது. பற்ற வைக்காதது.

டிராயரை மூடிவிட்டேன். சித்தியிடம் சொல்ல வேண்டுமா கூடாதா என்று வகுப்பில் உட்கார்ந்து யோசித்ததில் இன்றைய பாடம் ஒன்றும் ஏறவில்லை.

மார்ச் 6, வியாழன்

வகுப்பில் கரண்ட் போய்விட்டது. வயரிங் வகுப்பில் மின்வெட்டு என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் சீக்கிரமே அனுப்பிவிட்டார். எனக்கு வீட்டுக்குப் போக மனமில்லை, கால் தானாகக் கடைத் தெருப் பக்கம் போனது. தெரு முழுக்க இருட்டு. கடையின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

கரண்ட் வந்தது. தெருவிளக்கு எரிந்தது, எதிர்க் கடைப் பலகை எரிந்தது. நம் கடைக்குள் தொட்டியும் பளிச்சென்று எரிந்தது.

ஏழு மணிக்கே சித்தப்பா அணைத்துவிட்டுப் போயிருப்பார். இப்போது எட்டு தாண்டிவிட்டது. ஆள் இல்லாத கடையில் பச்சைத் தண்ணீர் ஜொலித்துக்கொண்டிருந்தது, மீன்கள் பகல் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டிருந்தன.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த டைமரின் தகடு கரண்ட்டில்தான் சுற்றும். கரண்ட் போனால் நின்றுவிடும், வந்தால் நின்ற இடத்திலிருந்து மறுபடி சுற்றும். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பகல் முழுக்கக் கரண்ட் இல்லாததிலும், பிறகு வந்த சின்னச் சின்ன மின்வெட்டுகளிலும் பின்தங்கி, காலை பத்து என்று அது நினைப்பது இப்போது நமக்கு இரவு எட்டாகிவிட்டது. விடியும் வரை அது எரிக்கிறது. காலையில் நான் எரிக்கிறேன். தொட்டிக்கு ஒரு நாளில் இரண்டு பகல். நான் காலையை மட்டும் பார்த்தேன், சித்தப்பா மாலையை மட்டும் பார்த்தார். இரவைப் பார்க்க யாரும் இல்லை.

பிளக்கைப் பிடுங்கக் கை துடித்தது. சாவி சித்தப்பாவிடம். போன் பண்ணலாமா என்று எடுத்து, உள்ளே வைத்து, மறுபடி எடுத்தேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால்? சரியாக இருந்தால் மட்டும் என்ன, வயரிங் படிக்கிறவள் இரண்டு மாதமாக ஒரு டைமரை நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதும் வெட்கம்தான். போன் பண்ணாமலே வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

முதல் வேலையாகத் தகட்டைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தில் காலை ஒன்பது. டைமரில் இரவு பதினொன்று ஆகப்போகிறது.

சித்தப்பாவிடம் சொன்னேன். சித்தியும் இருந்தாள், அதனால் வாய் குழறியது. சித்தப்பா டைமர் தகட்டில் விரல் வைத்து மணியை எண்ணிப் பார்த்தார்.

"அப்ப பாசி நான் போட்ட தீனியால இல்லையா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "அதுவும் கொஞ்சம் இருக்கு சித்தப்பா. ஆனா பெரிய காரணம் வெளிச்சம்தான். அது என் கையாலயும்தான் வந்தது" என்றேன்.

சித்தி சிரித்துவிட்டாள். "ஒருத்தர் காலையில ஏத்துவீங்க, ஒருத்தர் சாயங்காலம் இறக்குவீங்க. ரெண்டு பேரும் ஒரு நாளாவது பேசிக்கிட்டீங்களா?"

வழி ஒன்று இருப்பதாகப் படித்திருந்தேன். நாலு நாள் தொட்டியை முழு இருட்டில் மூடி வைக்க வேண்டும். வேர் உள்ள செடி தாங்கும், பாசி தாங்காது. விளக்கு கூடாது, தீனி கூடாது, காற்றுக் குழாய் மட்டும் ஓட வேண்டும். முக்கியமாக, மூடியதை யாரும் தூக்கிப் பார்க்கக் கூடாது. இதைச் சொல்லும்போதே சித்தப்பாவின் விரல்களைப் பார்த்தேன். மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தன. அவரைக் காப்பாற்ற நினைத்த தொட்டியை நானே அவர் கையிலிருந்து பிடுங்குகிறேன்.

"நாலு நாளா?" என்றார்.

சித்தி நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருந்து கண் பரிசோதிக்கும் அறையின் பழைய கறுப்புத் திரையை இறக்கினாள். தூசி எல்லோர் தலையிலும் விழுந்தது. அவளே இறக்குவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பழைய பல் பிரஷ்ஷில் நூல்பாசியைச் சுற்றிச் சுற்றி எடுத்தோம். தண்ணீரை மாற்றிவிட்டுத் திரையால் மூடி, சுற்றிலும் டேப் ஒட்டினோம். கடைசி டேப்பை சித்தப்பா ஒட்டினார். ஒட்டிய பிறகும் கையை எடுக்காமல் நின்றார்.

மார்ச் 8, சனி

தச்சர் வந்தார். மூடிய தொட்டியைப் பார்த்து, "உள்ள யாருக்கு டெஸ்ட்டு?" என்றார்.

"மீனுக்கு. எழுத்து தெரியலன்னுச்சு" என்றாள் சித்தி, முகத்தை மாற்றாமல். இரண்டு சுவரையும் அளக்கச் சொன்னாள். செவ்வாய் சாயங்காலம் திரையை எடுப்போம், தண்ணீர் தெளிந்திருந்தால் அலமாரி எதிர்ச் சுவருக்கு, இல்லையென்றால் தொட்டி இருக்கும் இடத்துக்கே என்று சொல்லிவிட்டாள். கெஞ்சினால் கோபப்படுவாள் என்று நானும் சித்தப்பாவும் தச்சரின் அளவு நாடாவைப் பிடிக்கப் போய்விட்டோம்.

சித்தப்பா இன்று எத்தனை முறை வாசலுக்குப் போய்த் திரும்பினார் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒரு தடவை டேப்பின் மூலையை நகத்தால் நெருடிக்கொண்டிருந்தார். நான் இருமினேன். கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

மதியம் கரண்ட் போனது. வந்ததும் ஓடிப்போய் டைமர் தகட்டைச் சுவர்க் கடிகாரத்துக்குச் சரியாகத் திருப்பினார். விளக்குதான் கழற்றியிருக்கிறதே என்றேன். "இருக்கட்டும்மா, இனிமே இது என் வேலை" என்றார்.

அவர் சாப்பிடப் போனபோது டிராயரைத் திறந்தேன். சிகரெட் அங்கேயே இருந்தது. பற்ற வைக்கவில்லை. விரலில் வைத்து உருட்டி உருட்டிக் காகிதம் கசங்கி, பாதிப் புகையிலை திருகாணிகளின் மேல் உதிர்ந்திருந்தது. திருகாணிகளை மட்டும் தட்டி வேறு டப்பாவுக்கு மாற்றினேன். சித்தியிடம் சொல்லவில்லை. இது சரியா என்று தெரியவில்லை.

நாளை ஞாயிறு, கடை விடுமுறை. சித்தப்பாவிடம் சாவி வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு காலையில் போக வேண்டும். திரையில் காது வைத்துக் காற்றுக் குழாய் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். டேப்பைத் தொடக் கூடாது.