எந்தப் பூச்சி மருந்து?

இன்ஸ்பெக்டர் என்பது பூனை. நான்கு மாதக் குட்டி. பெயர் வைத்தது அம்மா. காலையில் கதவைத் திறந்ததும் பின்பக்கத் தோட்டத்துக்குப் போவான். தக்காளிச் செடி, ரோஜாச் செடி என்று ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்ப்பான். அடியில் ஒளிந்திருக்கும் ஆளை வெளியே இழுத்து விசாரிப்பான். விசாரணை முடிந்து விடுதலை ஆனவர் யாரும் இல்லை.

வெட்டுக்கிளி மூக்கடியில் எகிறினால் அதைவிட உயரமாக இவன் எகிறுவான். பிறகு, நானா பயந்தேன் என்பதுபோல் உட்கார்ந்து முதுகை நக்குவான். ஒருமுறை பொறிவண்டை வாயில் போட்டான். அது விட்ட மஞ்சள் சாறு கசந்து, நுரை தள்ளி, அரைமணி நேரம் சுவரைப் பார்த்து நின்றான். மறுநாள் அதே வண்டைத் தேடிப் போனான். எறும்பு மட்டும் அவனுக்குத் துப்புத் துலங்காத கேஸ். வரிசையின் குறுக்கே காலை வைப்பான். வரிசை வளைந்து போகும். காலை எடுத்து மறுபடி வைப்பான். பகல் முழுக்க இதே வேலை.

பூச்சியைத் தின்றால் வயிற்றில் பூச்சி வரும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எதற்கும் எதற்கும் முடிச்சுப் போடுகிறாய் என்று நான் கத்தினேன். போன வாரம் அவன் வயிறு ஊதியது. வாலடியில் அரிசிமணி மாதிரி ஏதோ நெளிந்தது. கால்நடை டாக்டர் ஒரு சிறிய பாட்டில் எழுதிக் கொடுத்தார். பாலில் ஐந்து சொட்டு. நேற்று மாலை வாங்கிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அம்மாவுக்குத் தன் பெயரை எழுத வரும், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறாள். நான் நான்கு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் லேபிள்களுக்குப் பிழை திருத்துகிறேன். அம்மாவையும் திருத்துவேன், சம்பளம் இல்லாமல்.

இன்று காலை அச்சகத்திலிருந்து போன் போட்டு, பூனைக்குப் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னேன்.

"எந்தப் பூச்சி மருந்துடி?"

"நம்ம வீட்ல எத்தனை பூச்சி மருந்தும்மா இருக்கு? பால்ல அஞ்சு சொட்டு. இதக்கூட பத்து தடவை சொல்லணுமா?"

வைத்துவிட்டேன். அதன்பின் அவள் கூப்பிட்டாள். திரையில் அம்மா என்று பார்த்தேன். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பதினோரு மணிக்கு மேஜைக்கு ஒரு லேபிள் வந்தது. தோட்டச் செடிகளுக்கு அடிப்பது. வாடிக்கையாளர் 'பூச்சி மருந்து' என்று எழுதியிருந்தார். பேச்சு வழக்கு, லேபிளில் நிற்காது. சிவப்பில் அடித்துவிட்டு மேலே எழுதினேன்: பூச்சிக்கொல்லி.

'கொல்லி' எழுதி முடிக்கும்போது கை நின்றுவிட்டது.

பையைத் திறந்தேன். நேற்று வாங்கிய பாட்டில், மூடி பிரிக்காமல், கடைக்காரர் கொடுத்த காகிதப் பைக்குள்ளேயே இருந்தது.

அப்படியானால் வீட்டில் இருக்கும் பூச்சி மருந்து ஒன்றே ஒன்று. ரோஜாவுக்கு அடிப்பது. கழிவறை ஜன்னலில் இருப்பது.

போனை நிமிர்த்தினேன். நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. போர்மேன் என்னவோ கேட்டார். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நான்கு தெருவையும் ஓடித்தான் கடந்தேன்.

தக்காளிச் செடி ஓரமாகத் தட்டு இருந்தது. பால் தளும்ப நின்றது. தட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். பார்த்த மாத்திரத்தில் புரியவில்லை. எறும்புகள். ஒன்றுகூட நகரவில்லை. இன்ஸ்பெக்டர் அவற்றின்மேல் குனிந்து, தலையைச் சாய்த்து, ஓர் எறும்பைக் காலால் தள்ளினான். நின்று பார்த்தான். மறுபடி தள்ளினான்.

பக்கத்தில் குத்தவைத்திருந்த அம்மாவின் கையில் கரண்டி இருந்தது. அதிலும் பால்.

"இவ்ளோ நேரமா எறும்பையே வேடிக்கை பாக்குறான். பால தொடவே இல்ல. நானே வாயில ஊத்திடலாம்னு..."

கரண்டியைத் தட்டிவிட்டேன். தட்டை உதைத்தேன், அது சுவரில் போய் உடைந்தது. பூனையைத் தூக்கிக் குழாயடியில் நான்கு காலையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். நக்கிவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பிலேயே தேய்த்தேன். என் கையைக் கிழித்தான். கழுவிக்கொண்டே இருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

அது விஷம் என்று சொன்னேன். தெரியும் என்றாள்.

"செடிக்கு அடிச்சா பூச்சிதான் சாகுது, செடி நல்லாத்தான இருக்கு. அந்த மாதிரி உள்ள இருக்க பூச்சி மட்டும் சாகும்னு நெனச்சேன். நாத்தம்தான் கொடலப் பொரட்டுச்சு. அதான் போன் பண்ணேன்."

"நான் எடுக்கலன்னா விட்டுட வேண்டியதுதான?"

"நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான இருக்கும்."

குத்திக்காட்டவில்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"மொதல்ல அதுல என்ன போட்டிருக்குன்னு படி."

நாள் முழுக்க லேபிள் படிக்கிறேன். அம்மாவுக்கு ஒன்றுகூடப் படித்துக் காட்டியதில்லை.

"குடற்புழு நீக்கி" என்று படித்தேன்.

"அப்டின்னா?"

"வயித்துல இருக்க புழுவ வெளிய தள்றது."

அவள் பூனையை என் கையிலிருந்து வாங்கி, ஈரத்தோடு மார்பில் அணைத்துக்கொண்டாள்.

"இத காலையில சொல்லியிருந்தா, அது நம்ம வீட்ல இல்லடின்னு சொல்லியிருப்பேன்ல."