ரக்னாவிடம் மிஞ்சிய சொல்

1954 மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டரை வயது எல்மர் முதன்முதலாக வாய் திறந்து "பால்" என்றான். அந்த நிமிடத்திலிருந்து அவனுடைய அக்கா, ஏழு வயது ரக்னாவால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. மறுநாள் அவன் "நாய்" என்றான், அவளுக்கு நாயும் போயிற்று. மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் எங்கள் ஊரில் அந்த வருடம் சர்க்கரை பீட் கிழங்கு நன்றாக விளைந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

ரக்னா ஒன்பதாம் மாதத்திலேயே பேசியவள். மூன்று வயதில் தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் பன்னிரண்டு வரியைத் தடுக்காமல் ஒப்பித்தாள். அதைச் சொல்லிச் சொல்லியே அம்மா தோர்டிஸ் மற்ற தாய்மாரின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். பிறகு எல்மர் பிறந்து இரண்டு வருடம் உம்மென்று உட்கார்ந்திருக்க, ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது அவர்கள் பழி தீர்த்தார்கள். "அக்காக்காரியே எல்லாத்தையும் பேசித் தீத்துட்டா போல. தம்பிக்குக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கலாம்." தோர்டிஸ் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி அழுதாள்.

ஆகவே பையன் பேசத் தொடங்கிய பிறகு அவனை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அவனை மடியில் வைத்துப் படப் புத்தகத்தைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பக்கத்து அறையில் ரக்னா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பலனில்லை, மாலைக்குள் பத்துச் சொல் குறைந்திருக்கும். அப்பா ஹால்வர் இதில் அநியாயம் எதையும் காணவில்லை. "சொல்லு எங்கயும் போயிடல, வீட்டுக்குள்ளதானே இருக்கு. நாளைக்குப் பண்ணையைப் பாக்கப்போறவன் அவன். பொட்டப்புள்ள பேசி என்ன ஆகப்போவுது" என்றார்.

எல்மருக்கு அம்மை போட்டபோது ரக்னா இரண்டு வாரம் ஃபார்கோ நகரத்தில் தோர்டிஸின் தங்கை ஜெர்டா வீட்டில் இருந்தாள். அங்கே ஒரு சொல்லும் குறையவில்லை. அதனால் அக்டோபரில் ஜெர்டா காரில் வந்து இறங்கி, மிச்சமிருப்பதையாவது காப்பாற்றலாம், பிள்ளையை என்னோடு அனுப்பு என்றாள். தோர்டிஸ், "அவளையே கேளு" என்றுவிட்டாள்.

எங்கள் ஊரில் எதைக் கொடுத்தாலும் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறைதான் வாங்கிக்கொள்வோம். முதல் கேள்விக்கே கை நீட்டினால் வளர்ப்பு சரியில்லை என்பார்கள். பெரியவர்களுக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும், தலையாட்டினால் அறை விழும். ரக்னாவிடம் அப்போது முப்பது சொல்கூட இல்லை. ஆனால் "சரி" இருந்தது.

"சித்தியோட வந்துடறியாடா கண்ணு?"

"வேண்டாம்" என்றாள் ரக்னா, முறைப்படி.

"நெசமாத்தான் கேக்கறேன். வர்றியா?"

"வேண்டாம்."

இடையில் எல்மர் சிணுங்கினான். தோர்டிஸ் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, "இன்னொண்ணு தரட்டுமாடா ராஜா?" என்றாள்.

"சரி" என்றான் எல்மர். புதுச் சொல். தோர்டிஸ் அவனைத் தூக்கி முத்தமிட்டாள்.

ஜெர்டா மூன்றாம் முறை கேட்டாள். ரக்னா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். முகம் சிவந்தது, கண்ணீர் கழுத்துவரை வழிந்தது. அம்மாவை விட்டுப் போக மனமில்லை போலிருக்கிறது என்று ஜெர்டா நினைத்துக்கொண்டாள். நான்காம் முறை கேட்பது மரியாதையல்ல. காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனாள்.

எல்மர் வளர்ந்து பெயர்பெற்ற ஏலம் விடுபவனானான். மூச்சு விடாமல் இரண்டு மணி நேரம் பேசுவான். ரக்னா அவனுக்குச் சமைத்துப்போடுகிறாள். கேட்டதும் கேட்காததும் கிடைத்து வளர்ந்த எல்மர் வாழ்நாளில் எதையும் மறுத்ததே இல்லை. அதனால் "வேண்டாம்" மட்டும் அவளிடமே தங்கிவிட்டது. 1968-இல் பள்ளி வாத்தியார் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவளை மூன்று முறை பெண் கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னாள். ரக்னாவைப் போல அடக்கமானவள் இந்தப் பக்கத்திலேயே இல்லை என்று ஊரில் சொல்வோம்.