ஆலாவின் அலகில் ஒரு மரு

மாப்பிள்ளையின் இடது கண்ணைத் திறந்துகொண்டிருந்தபோதுதான் அந்த மெயில் வந்தது.

பயந்துவிடாதீர்கள், போட்டோவில்தான். ஸ்டூடியோ மாடியில், கடகடவென்று ஆடும் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து கல்யாணப் படங்களைச் சரிபண்ணுவதுதான் டச்சப் அக்காவின் பிழைப்பு. நூறு பேர் கண்ணைத் திறந்து நிற்கும்போது தான் மட்டும் மூடித் தொலைக்கும் மாப்பிள்ளைகள் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. வேறு படத்திலிருந்து கண்ணை எடுத்து வந்து பொருத்துவாள். பெண்ணின் பருவை எடுப்பாள், பெரியப்பாவின் தொந்தியைக் குறைப்பாள், கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கே வராத மாமாவைக் கடைசி வரிசையில் சிரித்தபடி நிற்கவைப்பாள். பதினான்கு வருஷமாக இதே வேலை. அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று அங்கே யாருக்கும் ஞாபகமில்லை.

மெயிலைப் படித்தவள் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், கீழே கவுண்டரில் இருந்த முதலாளி, ஷாக் அடித்துவிட்டது என்று மர ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவந்தார்.

“யாருக்கும்மா? எந்த ஸ்விட்ச்?”

“கடைசிப் பத்துல வந்துட்டேன் முதலாளி! என் ஆலா வந்துடுச்சு!”

ஆலா என்பது கடலோரத்துப் பறவை. வெள்ளை உடம்பு, தலையில் கறுப்புத் தொப்பி, கத்தி மாதிரி இறக்கை. உயரத்திலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீனைக் கொத்திக்கொண்டு எழும். அப்படித் தண்ணீரை உதறிக்கொண்டு, வாயில் மீனோடு, நேராக இவள் கேமராவைப் பார்த்து எழுந்த ஒன்றைப் படமெடுத்துத்தான் பறவைப் போட்டோ போட்டிக்கு அனுப்பியிருந்தாள். ஆயிரத்து எண்ணூறு படத்தில் பத்து மிஞ்சியிருந்தது. அந்தப் பத்தில் இவளுடையது ஒன்று.

பரிசு கோப்பை கீப்பை எல்லாம் இல்லை. படகில் ஓர் இடம். வருஷத்துக்கு ஒருமுறை பறவை எண்ணும் குழு ஒன்று தீவுகளுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கும். ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் அந்தத் தீவுகளில் வெளியாட்கள் கால் வைக்க அனுமதி கிடையாது. டச்சப் அக்கா நாலு வருஷமாகக் கடிதம் எழுதி, நாலு வருஷமும் ‘இடமில்லை’ என்று பதில் வாங்கியவள். இந்த வருஷம் ஜெயிக்கிறவரை போட்டோகிராபராகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம், அந்தப் படகில் ஒரு பலகை போதும்.

மெயிலில் கடைசி வரி இதுதான்: இன்று மாலை ஐந்து மணிக்குள் ரா ஃபைலை அனுப்பவும். ரா ஃபைல் என்றால், கேமரா கண்டதைக் கண்டபடி, யார் கையும் படாமல் வைத்திருக்கும் ஒரிஜினல். அதையும் போட்டிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஓரத்தை வெட்டியிருக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருக்கலாம், லென்ஸ் தூசியைத் துடைத்திருக்கலாம். படத்தில் இருந்ததை எடுத்திருக்கக் கூடாது, இல்லாததைச் சேர்த்திருக்கக் கூடாது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர் இந்த விதியை ஒரே வரியில் முடித்துவிட்டார்: “குளிப்பாட்டலாம், மேக்கப் போடக் கூடாது.”

இதில் அக்காவுக்கு என்ன பயம்? ஒன்றுமில்லை. ஊருக்கே மேக்கப் போடுகிறவள், பறவைக்கு மட்டும் பொட்டு வைக்க மாட்டாள். “நாள் பூரா மனுஷங்களுக்குப் பொய் சொல்றேன். பறவைகிட்டயாவது ஒழுங்கா இருந்துட்டுப் போறேனே” என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வண்டியை விரட்டினாள். சிக்னலில் நின்றபடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் எங்கோ ஏழாவது மாடியில் லிஃப்ட்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் போட்ட சத்தம் அந்தக் கட்டடம் முழுக்க எதிரொலித்தது.

“நான் வந்துடறேன்! நான் வராம அனுப்பாத!”

“நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க?”

“அன்னைக்கு உன் கேமராவுக்குக் குடை பிடிச்சவன் நான்தானே! காலங்காத்தால சேத்துல முழங்கால் வரைக்கும் நின்னேன்ல? எனக்கும் பங்கு உண்டு!”

அதுவும் நியாயம்தான்.

வீட்டுக்கு வந்து, பீரோவிலிருந்த ஹார்ட் டிஸ்கை எடுத்து மாட்டி, ஃபைலைத் தேடிப் பிடித்தாள். ஆசைக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். இடது பக்கம் ரா, வலது பக்கம் போட்டிப் படம். இறக்கை சரி. நீர்த்துளி சரி. மீன் சரி, பாவம் அது வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டே அலகைப் பெரிதாக்கினாள்.

இடது பக்கத்து ஆலாவுக்கு, அலகு நெற்றியில் சேரும் இடத்தில், மிளகு அளவுக்கு ஒரு மரு இருந்தது. வலது பக்கத்து ஆலாவுக்கு அந்த இடம் வழவழவென்று இருந்தது.

நானா? நானா எடுத்தேன்? கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு வானத்தில் லென்ஸ் தூசி அஞ்சாறு புள்ளி இருந்தது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி அழித்தாள். டக், டக், டக். அதே வேகத்தில் விரல் பறவையின் மூஞ்சிக்கும் போய் இன்னொரு டக். அவ்வளவுதான் நடந்திருக்கும். பதினான்கு வருஷமாக மூக்கோரத்துப் பருவை அழித்த விரலுக்கு, இது கல்யாணப் பெண் இல்லை, கடல் பறவை என்று யார் சொல்வது? அவள் மூளைக்குத் தகவலே வரவில்லை. பாழாய்ப்போன விரல்!

வீட்டுக்காரர் கையில் கிரீஸோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. அக்கா மேஜைக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அனுப்பிட்டியா?”

அவள் திரையைக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடியும் குனிந்தார்.

“இதுல என்ன வித்தியாசம்?”

“மரு.”

“எங்க?” விரல் வைத்துக் காட்டினாள். “அட, இதுவா! இத போய் யாரு பாக்கப் போறா?”

“அதைப் பாக்கத்தானே ஃபைலைக் கேக்கறாங்க!”

“ரா ஃபைல்லயும் அதை எடுத்துட்டா?”

“அதுல கை வைக்க முடியாதுங்க. அதுக்குப் பேரே அதான்.”

மெக்கானிக் மூளை சும்மா இருக்குமா? கூடத்தில் நாலு சுற்றுச் சுற்றினார். ஐந்தாவது சுற்றில் தொடையில் தட்டினார்.

“டிவியில அந்த வழவழ படத்தைப் பெருசா போடு. உன் கேமராவை முன்னாடி வச்சு அதையே ஒரு போட்டோ எடு. புதுசா ரா ஃபைல் வந்துடும்ல? மருவே இல்லாத ரா ஃபைல்!”

அக்கா அவரை முறைத்துப் பார்த்தாள். அப்புறம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எழுந்து போய் ஸ்டாண்டை எடுத்து வந்தாள். படகுப் பலகை ஒரு மனுஷியை என்னவெல்லாம் செய்யவைக்கிறது பாருங்கள். கதவைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, டிவியில் ஆலாவைப் போட்டு, எடுத்தாள். படத்தில் கோடு கோடாய் அலையடித்தது. கேமராவைக் கொஞ்சம் தள்ளிவைத்து, மறுபடி எடுத்தாள். அலை போய்விட்டது. அசல் மாதிரியே இருந்தது.

“இன்னைக்குத் தேதி விழுந்திருக்கு” என்றாள்.

“கேமராவுல தேதியை மாத்து!”

மாத்தினாள். அன்றைய தேதி, அன்றைய நேரம், காலை ஆறு பதினேழு. இவ்வளவு துல்லியமாகத் திருட வருமென்று அவளுக்கே இன்றுதான் தெரியும். கேமரா பட்டனில் விரலை வைத்தாள். டிவி முழுக்க ஆலா, நாற்பது அங்குலத்தில், மூஞ்சியில் ஒரு குறையும் இல்லாமல் அவளைப் பார்த்தது.

அவள் தினமும் அனுப்பிவைக்கும் கல்யாணப் பெண்களில் ஒருத்தி மாதிரியே இருந்தது.

“வேண்டாங்க” என்றாள்.

“என்ன வேண்டாம்? மணி நாலு இருபது!”

“இது அது மூஞ்சியே இல்லைங்க! அந்த ஆறு பதினேழுக்கு என் முன்னாடி எந்திரிச்சது இது இல்ல. அதுக்கு மரு இருந்துச்சு. மருவோட மீன் பிடிச்சுது. என்கிட்ட வந்து எடுத்துவிடுன்னு கேட்டுச்சா?” குரல் உடைந்துவிட்டது. “உலகத்துல ஒரே ஒரு இடத்துலதான் நான் பொய் சொல்லாம இருந்தேன். அங்கயும் போய்ச் சொல்லிட்டு வந்திருக்கேன், எனக்கே தெரியாம. இப்ப தெரிஞ்சே சொல்லச் சொல்றீங்களே!”

வீட்டுக்காரர் போய் டிவியை அணைத்தார். குடை பிடித்த மனுஷனுக்கு எப்போது பேசக் கூடாது என்று தெரியும்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அசல் ஃபைலை அனுப்பினாள். கூடவே நாலு வரி எழுதினாள்: ‘அலகு நெற்றியில் சேரும் இடத்தில் இருக்கும் மருவை நான் அழித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்தது நான்தான். கல்யாண போட்டோ டச்சப் பண்ணுவது என் தொழில். கை தானாகப் போய்விட்டது. இது உங்கள் விதிக்கு விரோதம் என்று தெரியும். மன்னிக்கவும்.’

அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, காய் நறுக்க உட்கார்ந்தாள். ஒரு காயை முழுசாக நறுக்கி முடிக்கவில்லை, போன் அடித்தது. நடுவர்களில் ஒருவர், பறவைகளின் நோயைப் பற்றியே முப்பது வருஷம் படித்த டாக்டரம்மா.

“உங்க படத்தைப் போட்டியிலிருந்து எடுத்துட்டோம்மா. அதுல மாற்றமில்ல.”

“சரிங்க மேடம்.” தெரிந்ததுதான்.

“அது கிடக்கட்டும். அந்த மருவை எப்படிப் பாத்தீங்க?”

“பாக்கலையே மேடம். அதான் எழுதியிருந்தேனே...”

“பாக்காமலா அழிச்சீங்க? நாங்க நாலு பேரு முதல்ல ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுத்தான் பாத்தோம். உங்க கடிதத்தைப் படிக்கற வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படல. என் கண்ணுலயும்தான்!” டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “அது சாதாரண மரு இல்லம்மா. அம்மைன்னு நினைக்கிறேன், பறவைகளுக்கு வர்ற அம்மை. இந்த ஆலாக் கூட்டத்துல அது கிடையாதுன்னு நேத்து வரைக்கும் எழுதிட்டிருந்தோம். நீங்க ஆலா எத்தனை வருஷமா எடுக்கறீங்க?”

“ஒன்பது வருஷம்.”

“வேற எதுலயாவது இப்படி அழிச்சிருக்கீங்களா?”

சத்தியமாக இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். கத்தியைப் போட்டுவிட்டு, போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார், ‘என்ன? என்ன?’ என்று கையாலேயே கேட்டபடி. அவள் கையாலேயே ‘சும்மா இருங்க’ என்றாள். டிஸ்கைத் திறந்தாள். இந்த வருஷத்து ஆலாக்கள். அவள் சரிபண்ணிய படத்தையும் ராவையும் ஜோடி ஜோடியாக வைத்துப் பார்த்தாள்.

“மேடம், ஒண்ணு இருக்கு! கால்ல!”

“தேதி சொல்லுங்க.”

சொன்னாள். அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“இன்னொண்ணு! கண்ணுக்குக் கீழ! ஐயோ, இதையும் எடுத்திருக்கேன்!” போன வருஷத்துக்குப் போனாள். “இதுல ஒண்ணு. அதுக்கு முந்தின வருஷம்... இல்ல. இல்ல. எதுலயும் இல்ல மேடம்!”

“அப்போ வந்து ரெண்டு வருஷந்தான் ஆகுது” என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே. “கடவுளே, எப்ப வந்துதுன்னே தெரிஞ்சுபோச்சு!”

அக்காவுக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. சீக்குப் பறவைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அழகாக்கி அனுப்பியிருக்கிறாள், மகராசி. ஆனால் எந்த ராவையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்தாளே, அது போதும், எல்லாம் அங்கேயே இருந்தது.

“இங்க பாருங்கம்மா. போட்டோகிராபர் இடம் ஜெயிச்சவருக்கு. அதுல நான் கை வைக்க முடியாது. ஆனா என் குழுவுல ஒரு ஆள் குறையுது. பன்னிரண்டு நாள், தினமும் ரெண்டாயிரம் படம் வரும். ஒவ்வொரு மூஞ்சியா பாத்து, எதுல குறை இருக்குன்னு சொல்லணும். உங்க கை எங்க போகத் துடிக்குதோ அங்க ஒரு வட்டம் போட்டாப் போதும். அழிக்கக் கூடாது.”

“மேடம்...”

“நல்ல படம் எதுவும் வராது. உங்க பேரு எங்கயும் போட மாட்டோம். வெயில், உப்புக்காத்து, குளிக்கத் தண்ணி கிடையாது. வர்ற திங்கக்கிழமை காலைல கிளம்பறோம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன் மேடம்!”

போனை வைத்தாள். வீட்டுக்காரர் அதற்குமேல் தாங்க மாட்டாமல் அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“என்னதான் ஆச்சு? ஜெயிச்சோமா, தோத்தோமா?”

“தோத்துட்டோங்க!” என்று கத்தினாள், பல்லெல்லாம் தெரிய. “பரண்ல இருக்கற அந்தப் பெரிய பெட்டியை இறக்குங்க!”