வீட்டில் சொல்லவில்லை

...திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது, நர்ஸ் அப்படித்தான் சொல்லியிருந்தாள், "திரும்பிப் பாக்காம போங்கம்மா, நீங்க பாத்தா அவரும் எழுந்துருவாரு", முதல் நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிற தாய்க்குச் சொல்கிற அதே வார்த்தைகள், ஆனால் இந்தப் பிள்ளைக்கு மீசை நரைத்துவிட்டது, ஆளும் ஆறடி... அவள் திரும்பிப் பார்த்துவிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை, இவள் பக்கம் பார்க்கக்கூட இல்லை, ஜன்னலுக்கு வெளியே, பாதி கட்டி நின்ற கட்டடத்தின் தலைக்கு மேல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்து இவளுக்கு நிம்மதியா, வலியா, இரண்டும்தானே, ஒன்றை மட்டும் உணர்கிற வசதி எப்போதோ போய்விட்டது. இப்போது அழகு நிலையத்துச் சாய்வு நாற்காலியில் கழுத்தைப் பின்னால் மடக்கி, பீங்கான் தொட்டியில் தலையை வைத்துக்கொண்டு, கூரையில் ஓடும் விரிசலைப் பார்த்தபடி கிடக்கும்போதும் அந்த ஜன்னல்தான் கண்ணில் நிற்கிறது. மறதி நோய்க்காரர்களைப் பகலில் பார்த்துக்கொள்கிற அந்த இல்லத்தை மகள்தான் தேடிப் பிடித்தாள், "மதியம் வரைக்கும்தாம்மா, நீ கொஞ்சம் மூச்சு விடு" என்றாள், மூச்சு விடுவதற்கு எங்கே போவது என்று மட்டும் சொல்லவில்லை. வாசலில் நின்றாள், இடது பக்கம் போனால் வீடு, வீட்டுக்குப் போனால் அவருடைய ஈரத் துணி, அவர் ஒளித்து வைத்த கரண்டிகள், அதனால் வலது பக்கம் நடந்தாள், தெருமுனையில் இந்தக் கடை இருந்தது, இருந்ததால் நுழைந்தாள், வேறு காரணம் ஒன்றுமில்லை.

"சூடு போதுமாக்கா?" போதும், போதும், இன்னும் கொஞ்சம் அப்படியே விடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பாள் அம்மா, அந்த வெள்ளம் இப்படி வெதுவெதுப்பாகப் போகும் என்று யாருக்குத் தெரியும், கடைக்காரம்மாவின் விரல்கள் காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில்... கடைசியாக இந்தத் தலையை வேறொரு கை தொட்டது எப்போது? வீட்டில் கைகள் எல்லாம் ஒரே பக்கம்தான் போகின்றன, இவளிடமிருந்து அவருக்கு, பொத்தானுக்கு, சீப்புக்கு, செருப்பு வாருக்கு, திரும்பி வருகிற கை கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு குளித்து எவ்வளவு நாளாயிற்று, சாத்தினால் அவர் வாசலைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிவிடுவார், பாதி திறந்த கதவு, பாதி நனைந்த தலை, சோப்புக் கண்ணோடு எட்டிப் பார்த்து என்னங்க, இருக்கீங்களா என்று ஒரு குரல், அந்தக் குரலுக்குப் பதில் வந்தால் குளியல் தொடரும், வராவிட்டால் துண்டோடு ஓட்டம். சிரிப்பு வந்தது. அதற்குள் கடைக்காரம்மா இவளைக் கண்ணாடி முன் உட்காரவைத்துக் கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியைக் கட்டினாள், நாற்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்குகிறது, நாக்கும் கத்தரியும் ஒரே வேகத்தில் ஓடுகிற ஆள். எவ்வளவு எடுக்கட்டும் என்று கேட்டாள், "கழுத்து வரைக்கும் எடுத்துருங்க" என்று யோசிக்காமல் வந்தது, பின்னிப் போட நேரமில்லாத பின்னல் இருந்தால் என்ன, போனால் என்ன.

முதல் கொத்து மடியில் விழுந்த பிறகுதான் திக்கென்றது. இனி அவருக்கு என்னைத் தெரியுமா? பேர் போய்விட்டது, மகளின் பேரும் போய்விட்டது, ஆனால் சில காலைகளில் இந்தப் பின்னலைப் பிடித்து இழுத்து "எங்கடி போன?" என்கிறார், அந்த 'டி' ஒன்றுதான் மிச்சம், தெரியாத நாட்களில் "நீங்க" என்பார், "நீங்க சாப்டீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார், முப்பத்தைந்து வருஷம் 'நீ' என்று கூப்பிட்டவர் ஒருநாள் 'நீங்க' என்றால் அதைவிட வசவு வேறு உண்டா... வெட்டாதீர்கள் என்று சொல்லலாம், ஆனால் ஒரு பக்கம் போய்விட்டது, பாதித் தலையோடு எழுந்து போக முடியுமா. அப்போதுதான் கடைக்காரம்மா கேட்டாள், எல்லாரும் கேட்கிற சாதாரணக் கேள்விதான், "வீட்ல சார் என்ன பண்றாரு?" என்று.

"துறைமுகத்துல கிரேன் ஓட்டிட்டு இருந்தாரு." இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் தானாகப் போனது, எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருப்பார் தெரியுமா, காலுக்குக் கீழேயும் கண்ணாடி, கீழே நிற்கிற ஆள் எறும்பு மாதிரி தெரிவான், வீடு அளவு பெட்டியைத் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி கப்பலில் இறக்குவார்... "ரொம்ப சாதுவா இருந்தாரு. அதிர்ந்து பேச மாட்டாரு." கத்தரி நின்றது. "இருந்தாருன்னா... அய்யோ, எப்பக்கா தவறிட்டாரு?" இல்லை என்று சொல்ல வேண்டும், நாக்கு நுனியில் இருந்தது அந்த இல்லை, ஆனால் அதற்குள் அவளுடைய கை இவள் தோளில் வந்து உட்கார்ந்துவிட்டது, கனமான, ஈரமான, சீயக்காயும் ஷாம்பூவும் இல்லாத வெறும் மனுஷக் கை, "மூணு வருஷம் ஆச்சு" என்றாள் இவள். டாக்டர் நோயின் பேரைச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது, அதைத்தான் சொன்னாளா, பொய்யா அது, முழுப் பொய்யா? கடைக்காரம்மா ரேடியோவைக் குறைத்தாள், ஓரத்தில் தலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா பத்திரிகையை மடியில் கவிழ்த்துவிட்டு "ச்சு" கொட்டினார், அவ்வளவுதான், இரண்டு முன்பின் தெரியாத பெண்களின் 'ச்சு', அதற்கு இவள் அழுதாள். மூன்று வருஷத்தில் முதல் அழுகை. செத்திருந்தால் வீடு நிறைய ஆள் வந்திருக்கும், சமைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், இதற்கு யார் வந்தார்கள், வந்தவர்களும் புத்திமதிதானே கொண்டுவந்தார்கள், பாதாம் பருப்பு ஊறவைத்துக் கொடு, குறுக்கெழுத்துப் போடச் சொல்லு, எனக்குந்தான் மறக்குது, நேத்து சாவிய வச்ச எடம் தெரியல என்று ஒரு சிரிப்பு... ஆள் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எப்படித் துக்கம் கேட்பார்கள், பாவம், அவர்களுக்கும் தெரியாது. இவள்தான் யாரிடம் வாய் திறந்தாள், பக்கத்து வீட்டில் கேட்டபோது பிரஷர் என்றாள், மாமாவிடம் சர்க்கரை என்றாள், பிரஷரும் சர்க்கரையும் கௌரவமான நோய்கள்.

பைக்குள் போன் அடித்தது. கைகள் துணிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன, "நான் எடுக்கறேன், நீங்க ஆடாதீங்க" என்று கடைக்காரம்மா எடுத்து, பொத்தானைத் தட்டி இவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள், கடை முழுக்கக் கேட்டது நர்ஸின் குரல், "அம்மா, பதறாதீங்க, உங்க வீட்டுக்காரர் நல்லாருக்காரு, சாப்டாரு, பாட்டுக்குக்கூடத் தாளம் போட்டாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவருக்குக் குடிப்பழக்கம் இருந்துச்சா? வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் 'நான் குடிக்கலங்க, சத்தியமா குடிக்கல'ன்னு சொல்லிட்டே இருக்காரு. மருந்து குடுக்கறதால தெரிஞ்சுக்கணும்." கண்ணாடியில் மூன்று முகங்கள். பெரியம்மாவின் வாய் திறந்திருந்தது. "இல்ல" என்றாள் இவள், "குடிச்சதே இல்ல. ஒரு நாள்கூட."

ஒரு நாள்கூட இல்லை. அது இப்போது தெரிகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது, பழைய கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மத்தியானம் போனவர் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து வந்தார், பேன்ட் முழங்கால் வரை சேறு, ஒரு காலில் செருப்பில்லை. எங்க போனீங்க என்றால் சுவரைப் பார்த்தார், பிறகு அந்தக் கேள்வி, "குடிச்சிருக்கீங்களா?" அவர் இவளையே பார்த்தார், எவ்வளவு நேரம், ஏதோ எடை போடுகிற மாதிரி பார்த்தார், பிறகு தலையைக் குனிந்து "ஆமா" என்றார். நாற்றம் இல்லையே! கிட்டப் போய் மோந்துகூடப் பார்த்தாளே, சேற்று வாடைதான் இருந்தது, மூக்கு சொன்னதை நம்பாமல் காது கேட்டதை நம்பினாள், கோபத்துக்கு ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டால் அதை யார் கீழே போடுவார்கள். மகளுடைய பழைய அறைக்குத் தன் படுக்கையை மாற்றினாள், தட்டை மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள், மகளிடம் சொன்னாள், மகள் போனில் அரைமணி நேரம் வகுப்பெடுத்தாள், அவர் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டு "சரிம்மா, இனிமே இல்ல" என்றார். மறுபடி நடந்தது, மறுபடி "ஆமா, குடிச்சேன்". வழி தெரியவில்லை என்று சொல்லக் கூச்சம், அத்தனை உயரத்திலிருந்து துறைமுகத்தையே உள்ளங்கை மாதிரி பார்த்தவருக்குச் சொந்தத் தெரு தெரியவில்லை என்றால் கௌரவம் என்னாவது, வெட்டி வீம்பு என்றுதான் பிற்பாடு நினைத்துக்கொண்டாள், இன்றுவரை அப்படித்தான். டாக்டர் வீம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "முன்னாடியே வந்திருந்தாலும் குணமாக்கியிருக்க முடியாதும்மா. ஆனா எங்க இருக்கணும், யார் பாத்துக்கணும்னு அவரையே கேட்டு முடிவு பண்ணியிருக்கலாம்" என்றார், சாதாரணமாகத்தான் சொன்னார், அது முள் மாதிரி உள்ளேயே இருக்கிறது. அவரைக் கேட்டிருக்கலாம். கேட்கக்கூடிய அந்த மாதங்களில்தான் இவள் பேசாமல் இருந்தாள்.

கடைக்காரம்மா போனைப் பைக்குள் வைத்துவிட்டு மறுபடி கத்தரியை எடுத்தாள். பிறகு, "அப்ப... தவறிட்டாருன்னு?" "நீங்கதான் கேட்டீங்க. நான் இல்லன்னு சொல்லல." "ஏங்க்கா?" "தோள்ல கை வச்சீங்க." அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை, ஆனால் அந்தப் பேரைச் சொன்னாள், அல்சைமர் என்று, வெளியாள் முன்னால் முதல் தடவை, வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே என்று பெரியம்மா இழுத்தார், இல்லம்மா, அது நோய், வயசு இல்லை என்றாள், குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. கத்தரி மறுபடி நின்றது. "அக்கா, சாப்ட்டுட்டு சாப்பிடலன்னு பொய் சொல்றது... அதுவும் இதுல வருமா?" "யாரு?" "எங்க மாமியாரு. நான் பட்டினி போடறேன்னு வீடு வீடாப் போய்ச் சொல்றாங்க. நான் அவங்களோட பேசறதையே விட்டுட்டேன்." கண்ணாடி வழியாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதுதானான்னு எனக்குத் தெரியாதும்மா. டாக்டர்தான் பாத்துச் சொல்லணும்" என்றாள் இவள், "ஆனா இன்னைக்கே பேசுங்க. வீட்டுக்குப் போனதும் பேசுங்க." கடைக்காரம்மா தலையை ஆட்டினாள், மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், பிறகு கழற்றிவிட்டாள்.

வெளியே வந்தபோது பிடரியில் காற்று பட்டது, யாரோ ஊதுகிற மாதிரி, நடக்க நடக்க ஒரே யோசனை, முதலில் என்ன சொல்வது, நீங்க குடிக்கல, எனக்குத் தெரியும் என்றா, மன்னிச்சிருங்க என்றா, அந்த வார்த்தையை அவரிடம் சொல்லியே பழக்கமில்லை... இல்லத்து முன்கூடத்தில் பெஞ்சில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார், சட்டையில் யாரோ பொத்தானைச் சரியாகப் போட்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பாதி எழுந்தார், நகர்ந்து இடம் விட்டார், "உக்காருங்க" என்றார். நீங்க. சரிதான், போச்சு. நான்தாங்க என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு உட்கார்ந்தாள், நர்ஸ் உள்ளே அவருடைய பையை எடுத்துவரப் போயிருந்தாள். அவர் குனிந்து மெல்லிய குரலில், "உங்களுக்கு இந்தப் பக்கம் வழி தெரியுமா?" என்றார். தெரியும் என்றாள். "எனக்கு இப்பல்லாம் தடுமாறுதுங்க. நடந்துட்டே இருக்கேன், திடீர்னு தெருவே புதுசா இருக்கு." எத்தனையோ வருஷமாக இவள் கேட்கக் காத்திருந்த வாக்கியம், எவ்வளவு எளிதாக வந்து விழுகிறது, இவள் இவளாக இல்லை என்பதால்... "வீட்ல சொன்னீங்களா?" என்று கேட்டாள். "இல்லல்ல. குடிச்சேன்னு சொல்லிட்டேன்." ஏன் என்று இவள் கேட்கவில்லை, கேட்காமலே அவர் சொன்னார், "குடிச்சேன்னா கத்துவா. கத்திட்டுத் தூங்கிருவா. இதச் சொன்னா தூங்க மாட்டா, பாவம்." பிறகு இவளுடைய கையைத் தொடப் போய், முன்பின் தெரியாத பெண் என்று கையை இழுத்துக்கொண்டு, "அவள எங்கயாவது பாத்தா சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்றாள். அவர் நிம்மதியாக முதுகைச் சாய்த்துக்கொண்டார். வீம்பு என்று இத்தனை காலம்... மகளுடைய அறை, அந்தக் கட்டில், சாத்திய கதவு, அந்தப் பக்கம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், விழித்திருந்தாரா, இருட்டில் தெருக்களின் பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாரா, இவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இனி வழியுமில்லை, ஒன்று மட்டும் ஞாபகம் வந்தது, வராமல் இருந்திருக்கலாம், கோபத்தோடு படுத்த அந்த இரவுகளில் எல்லாம் அவள் நன்றாகத்தான் தூங்கியிருந்தாள்.