விரல் தெரியாத எச்.டி.

வீடுகளுக்கு டிஷ் வழியாக டிவி சேனல் கொடுக்கும் எங்கள் ஆபீசில் புது எச்.டி. சேனலைப் பூவை வைத்துத்தான் சோதிப்பார்கள். ஒரு சிவப்புப் பூ, அதன்மேல் ஒரு தேனீ, பின்னால் மங்கலாகப் புல்வெளி. பூ ஓடாது, குதிக்காது, கோல் போடாது. எவ்வளவு மட்டமான சிக்னலிலும் அது அழகாகத்தான் இருக்கும். அதைப் பெரிய திரையில் ஓடவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் எங்கள் மேனேஜர். "சூப்பர்!" என்பார். லிஃப்ட் நின்றாலும் சூப்பர், ஏ.சி. ஒழுகினாலும் சூப்பர் என்பதால் அவருக்கு சூப்பர் சார் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

விஷயம் இதுதான். செயற்கைக்கோளில் எங்களுக்கு இருக்கும் இடம் பல வீடுகளுக்குப் பொதுவான தண்ணீர்க் குழாய் மாதிரி. ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் அடுத்த வீட்டில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வேகமாக ஓடும் படம் நிறைய இழுத்துக்கொள்ளும். பக்கத்துச் சேனல் கட்டம் கட்டமாக உடையும். அதனால் புதுச் சேனலை வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒரு நம்பரில் ஓடவிட்டு, கூட இருக்கும் சேனல்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அது என் வேலை. இப்போது சேர்க்கப்போவது விளையாட்டுச் சேனல். விளையாட்டுச் சேனலைப் பூவைக் காட்டிச் சோதிக்கும் அறிவாளியை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா? நான் தினமும் பார்க்கிறேன். குட்மார்னிங் வேறு சொல்லித் தொலைக்கிறேன்.

அதே குழாயில்தான் எங்கள் கம்பெனியின் சொந்தச் செய்திச் சேனலும் போகிறது. அதில் சாயங்காலம் திரையின் மூலையில், ஒரு சின்னக் கட்டத்துக்குள் நின்று ஒரு பெண் சைகை மொழியில் செய்தி சொல்வாள். என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எதிரே நின்று பேசுபவரின் உதட்டைப் படித்துவிடுவாள். ஆனால் டிவியில் கடகடவென்று கொட்டுவதை எப்படிப் படிப்பது? ஊர் உலகத்து நடப்பெல்லாம் அவளுக்கு அந்தக் கட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. பேப்பரில் படித்துக்கொள்ளலாமே என்று புத்தி சொல்கிற மகான்கள் உண்டு. அவர்கள் மட்டும் சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்பார்களாம்.

ஒருநாள் சாயங்காலம் அந்த மறைவு நம்பரில் நிஜ மேட்ச் ஒன்றை ஓடவிட்டுப் பார்த்தோம். வீட்டுக்குப் போனால் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். 'அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கு விரலே இல்ல. கையில கரண்டியக் கட்டி விட்டுட்டாங்களா?' என்று கையால் கேட்டாள். சிரித்தேன். பிறகுதான் நாங்கள் ஓடவிட்ட மேட்ச் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் சூப்பர் சாரிடம் போனேன்.

"சார், மேட்ச் ஓடும்போது சைகைச் செய்தியில விரலே தெரியல. எல்லாம் அப்பிக்கிட்டு இருக்கு."

"அதை எத்தனை பேரும்மா பாக்குறாங்க?"

"பாக்குறவங்களுக்கு வேற கதியில்ல சார்."

"உனக்கு எப்பப் பாரு ஏதாவது ஒரு குறை. பூவைப் பாத்தியா? தேனீயோட காலு கூடத் தெரியுது!"

தேனீயின் காலைப் பார்க்க எவன் சந்தா கட்டுகிறான் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். புதுச் சேனலை முதலாளி பார்த்து ஓகே சொல்லும் நாளில், வெளியாள் ஒருவரும் கூட உட்கார்ந்து வாடிக்கையாளர் கண்ணால் பார்க்க வேண்டும். எப்போதும் சூப்பர் சாரின் மச்சான்தான் அந்த வாடிக்கையாளர். வருவார், பிஸ்கட்டை ஒரு கை பார்ப்பார், நல்லா இருக்கு மாமா என்பார், போய்விடுவார். இந்தத் தடவை மச்சானுக்குக் காய்ச்சல். என் அக்காவை அழைத்து வருகிறேன் என்றேன். பிஸ்கட் மிச்சம் என்று நினைத்தாரோ என்னவோ, தலையாட்டிவிட்டார்.

சாயங்காலச் செய்தி நேரத்துக்கு முதலாளி வந்தார், அக்காவும் வந்தாள். ஒரு திரையில் பூ, பக்கத்துத் திரையில் செய்தி. சூப்பர் சார் வாயைத் திறப்பதற்குள் நான் பூவைத் தூக்கிவிட்டு மேட்சைப் போட்டேன். அந்தப் பக்கம் ஆட்டக்காரர்கள் ஓட, இந்தப் பக்கம் சைகைப் பெண்ணின் கை இரண்டும் அழுக்குத் துணியாகிவிட்டன.

அக்கா எழுந்து திரையைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"என்னம்மா கேக்குறாங்க?" என்றார் முதலாளி.

"பாலத்து ரோடு பத்தி ஏதோ சொல்றாங்களாம் சார். நாளைக்கு மூடுறாங்களா, திறக்குறாங்களான்னு இவளுக்குத் தெரியல. இவ வேலைக்குப் போற வழி அது."

"அதான் சத்தமா சொல்றாங்களேம்மா, மூடுறாங்கன்னு!" என்றார் சூப்பர் சார், காது கேளாதவளிடம். இந்த மனிதருக்குத்தான் எங்களைவிட இரண்டு மடங்கு சம்பளம்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். குனிந்து, நிதானமாகப் பார்த்தார். "ஆமா, விரலே தெரியலையே" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மனுஷன் மனுஷன்தான் என்று நினைத்தேன். மேட்சை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்வார், கொஞ்சம் செலவாகும், ஆனால் அக்காவின் செய்தி பிழைத்துவிடும்.

"அந்தச் சின்னக் கட்டம்தானே அசிங்கமாத் தெரியுது?" என்று எங்கள் பக்கம் திரும்பினார் முதலாளி. "அதை எடுத்துடுங்க. செய்தியும் பளிச்சுனு இருக்கும். மேட்ச் அருமையா வருது, வர்ற ஞாயித்துக்கிழமையே விட்டுரலாம்."

"சூப்பர் சார்!" என்றார் சூப்பர் சார்.

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று திரும்பினால், அவள் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவர் அவளுக்கு நேர் எதிரேதான் நின்று பேசியிருக்கிறார். நான் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

அவள் கை உயர்ந்தது. நிதானமாக, ஒவ்வொரு விரலும் தெரிய, அவரைப் பார்த்துச் சொன்னாள்.

முதலாளி சிரித்துக்கொண்டே கும்பிட்டார். "நன்றி சொல்றாங்களா?"

"இல்ல சார்" என்றேன். "'நீங்க பேசினது எல்லாம் உங்க உதட்டுலயே எனக்குப் புரிஞ்சுது. இப்படிச் சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையா?'ன்னு கேக்குறா."

அக்கா பதிலுக்காக அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.